தறி ரூம், 5,860 ரூபாய்

செப்டம்பர் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா போன் பண்ணினா. "தலைத்தீபாவளிக்கு மூணு நாள் தங்குறோம், அத்தானுக்கு லீவு கெடச்சிருச்சு." அம்மா போனை வச்சதும் மொதல்ல சிரிச்சாங்க, அடுத்த நிமிஷமே முகம் மாறிருச்சு. "மாப்பிள்ளையை எங்கடி படுக்க வைக்கிறது?"

எங்க வீடு அருப்புக்கோட்டையில. ஒரு ஹால், ஒரு அடுப்படி, அம்மா அப்பா படுக்கிற ஒரு ரூம், வாசல்ல சின்னதா ஒரு திண்ணை. அது போக, பின்னாடி 10க்கு 11 அடியில ஒரு ரூம். அதுக்குப் பேரு தறி ரூம். அங்க இப்ப தறி கிடையாது. ஆனா தறிக்குழி இருந்துச்சு. அந்தக் குழிக்குப் பக்கத்துல கயித்துக் கட்டில் போட்டு எங்க ஐயா படுப்பாக. ஐயான்னா அப்பாவோட அப்பா. (சென்னை நண்பர்களுக்காகச் சொல்றேன், எங்க பக்கம் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.)

"நீ சிவில்தான படிக்கிற? ஒரு ரூமை ரெடி பண்ண மாட்டியா?" அப்படின்னாரு அப்பா. சம்மர்ல ஒரு சைட்டுக்கு இன்டர்ன்ஷிப் போனதுல எனக்குக் கெடச்ச 6,000 ரூபாய் அக்கவுன்ட்ல அப்படியே இருந்துச்சு. சரி, இதான் நம்ம மொத ப்ராஜெக்ட்னு இறங்கிட்டேன்.

எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன். பின்ட்ரெஸ்ட்டைத் திறந்து "கோஸி கெஸ்ட் பெட்ரூம், லோ பட்ஜெட்"னு தேடினேன். வந்தது பூரா மொத்தமான கம்பளி, வெல்வெட் திரை, கட்டில் மேல ஏழு தலையணை, ஜன்னலுக்கு வெளிய பனி. டென்மார்க்காரங்க இந்தச் சுகத்துக்கு 'ஹூகா'ன்னு தனியா ஒரு வார்த்தையே வச்சிருக்காங்க. நீளமான குளிர்காலத்துல மெழுகுவத்தி ஏத்தி, கம்பளி போத்தி உக்காந்திருக்கிற சுகம் அது. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச பாவத்துக்கு 'கோஸி'க்குத் தமிழ்ல என்னன்னு தேடிப் பாத்தேன். 'கதகதப்பு'ன்னு வந்துச்சு.

அருப்புக்கோட்டையில, புரட்டாசி மாசத்துல, கதகதப்பு! புரட்டாசியில பொன்னுருகக் காயும்னு எங்க ஊர்ல சொல்றது சும்மா இல்ல. இங்கருந்து திருச்சுழி வரைக்கும் பஸ்ல போனா ரெண்டு பக்கமும் கரிசக்காடு, சீமைக்கருவேலம், தண்ணி இல்லாத கண்மாய். எங்க ஊர்ல ஒரு விருந்தாளிக்குக் குடுக்கக்கூடிய பெரிய ஆடம்பரம் ராத்திரி வேர்க்காம தூங்குறதுதான். அன்னைக்கே கம்பளி, வெல்வெட், ஃபேரி லைட் எல்லாத்தையும் லிஸ்ட்ல இருந்து அடிச்சிட்டேன்.

மொத வேலை தறிக்குழி.

குழித்தறி பாத்திராதவங்களுக்கு: தறியைத் தரையில நிறுத்தி, நெசவு பண்றவர் உக்கார்ற இடத்துக்கு முன்னாடி ஒரு குழி எடுத்திருப்பாங்க. குழி ஓரத்துல உக்காந்து, காலைக் குழிக்குள்ள விட்டு மிதிகட்டையை மாத்தி மாத்தி மிதிக்கணும். மிதிக்க மிதிக்கப் பாவு நூல் மேலயும் கீழயும் பிரியும், நடுவுல நாடா ஓடும். ஐயா அந்தக் குழியில கால் விட்டு உக்காந்தது நாப்பது வருஷத்துக்கும் மேல. விசைத்தறி வந்தப்புறம் கூலி கட்டுபடியாகல, முழங்காலும் ஒத்துழைக்கல. நான் எட்டாவது படிக்கும்போது தறியைப் பிரிச்சாச்சு. எனக்கும் அக்காவுக்கும் இங்கிலீஷ் மீடியம் ஃபீஸ் கட்டினதுல அப்பாவோட மில் சம்பளம் பாதின்னா, அந்தக் குழி பாதி.

குழியை மூடப் போறோம்னு அப்பா சொன்னப்ப ஐயா ஒண்ணும் சொல்லல. "மாப்பிள்ளை வாராகள்ல, அவுக நல்லாப் படுக்கட்டும்"னு மட்டும் சொன்னாக.

குழி 3 அடி நீளம், 2.5 அடி அகலம், 2.5 அடி ஆழம். கிட்டத்தட்ட 19 கன அடி. கெட்டிக்கும்போது மண் அமுங்கும்கிறதால கால் யூனிட், அதாவது 25 கன அடி கிராவல் சொன்னேன். "பின்னாடி காட்டுல மண்ணு சும்மா கெடக்கு, எதுக்குக் காசு?"ன்னு பக்கத்து வீட்டு மாமா கேட்டாரு. இங்கதான் என் டிகிரி மொத தடவையா வேலை செஞ்சது. கரிசல் மண்ணுல இருக்கிற களி, தண்ணி பட்டா ஊதும், காஞ்சா சுருங்கும். அதைப் போட்டு மூடினா ரெண்டு மழையில தரை வெடிச்சிரும். எங்க தெருவுல பாதி வீட்டுச் சுவர்ல இருக்கிற வெடிப்புக்கு அதான் காரணம்.

அஞ்சு அடுக்கு, ஒவ்வொண்ணும் அரை அடி. ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணி தெளிச்சு, கெட்டிச்சு, அப்புறம் அடுத்தது. ஈரம் சரியா இருக்கான்னு பாக்க லேப் வேண்டாம். ஒரு கைப்பிடி மண்ணை அமுக்குங்க. உருண்டையா நிக்கணும், கையில தண்ணி ஒழுகக் கூடாது. பிராக்டர் டெஸ்ட்டை ரெண்டு தடவை ரெக்கார்டுல எழுதியும் புரியாதது அன்னைக்குப் புரிஞ்சது.

திம்சுக்கட்டை கிடைக்கல. நான் குழிக்குள்ள நின்னு குதிச்சுக்கிட்டு இருந்தேன். ஐயா வந்து பாத்தாக. "அப்படிக் குதிச்சா ஓரம் எளகிப் போகும் தாயி. ஏறு"ன்னு சொல்லிட்டு, சுவத்தைப் புடிச்சு அவுகளே இறங்கிட்டாக. ஒரு கால், மறு கால், ஒரு கால், மறு கால். அவசரமே இல்ல. நான் மண்ணைப் போடப் போட, ஓரத்துல இருந்து நடுவுக்கு மிதிச்சுக்கிட்டே வந்தாக. அஞ்சாவது அடுக்கு முடிஞ்சப்ப ரூம் தரையில நின்னுக்கிட்டு இருந்தாக. நான் போட்டோ எடுக்கல. எடுக்கணும்னு தோணவே இல்ல.

மேல சிமெண்ட் போட்டு, பழைய தரைக்குப் பொருந்துற மாதிரி செகப்பு ஆக்ஸைடு பூசினோம். ஒரு வாரம் தண்ணி கட்டினோம். கலர் பொருந்தல. அந்த நீள்சதுரம் மட்டும் இன்னும் கொஞ்சம் அடர்த்தியா தெரியும்.

மத்ததெல்லாம் சின்னச் சின்ன வேலை. உங்களுக்கும் உதவலாம்னு எழுதுறேன்.

மாடி: கான்கிரீட் தளம் பகல் பூரா வெயிலை வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி நம்ம தலையில இறக்கும். சுண்ணாம்பை முந்தின நாளே ஊற வச்சு, வடிகட்டி, ஒட்டுறதுக்குக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து மொட்டை மாடியில ரெண்டு கோட் அடிச்சோம். வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பிரும். மொத்தத்துல அதிகப் பலன் தந்தது இந்த 350 ரூபாய்தான்.

ஃபேன்: ரொம்ப மெதுவா சுத்துச்சு. புது ஃபேன் வேண்டாம், கெபாசிட்டர் வீக்காகியிருக்கும். எங்களோடது 2.5 மைக்ரோஃபேரட். மாத்தினதும் ஜம்முனு சுத்துச்சு. (மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் கை வைக்கணும். தெரியலைன்னா தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க.)

வெளிச்சம்: ட்யூப் லைட்டைக் கழட்டல. சுவர்ல தாழ்வா ஒரு மஞ்ச எல்.இ.டி. பல்பு சேத்தேன், அவ்வளவுதான். பல்பு அட்டையில 2700 இல்ல 3000 கெல்வின்னு போட்டிருந்தா அது இதமான மஞ்ச. 6500 போட்டிருந்தா அது ஆஸ்பத்திரி வெள்ளை.

மெத்தை: பரண்ல கெடந்த பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பிரிச்சு, பஞ்சை வெயில்ல காய வச்சு அடிச்சு, புதுத் துணியில திரும்பத் தைச்சு வாங்கினோம்.

திரை: ஐயா நெஞ்ச ரெண்டு காட்டன் சேலையை அம்மா இத்தனை வருஷமா பீரோவுல வச்சிருந்தாங்க. அதை வெட்டித் திரை தைச்சாங்க. சாயங்காலக் காத்துல அது அசையிறப்ப பின்ட்ரெஸ்ட்காரன் பிச்சை வாங்கணும்.

கணக்கு:
கிராவல், வண்டி வாடகை: 850
சிமெண்ட், ஆக்ஸைடு, கொத்தனார் அரை நாள்: 1,250
சுவருக்கு டிஸ்டெம்பர், பிரஷ்: 600
மாடிக்குச் சுண்ணாம்பு: 350
மெத்தை: 1,100
பெட்ஷீட், தலையணை உறை: 650
ஜன்னலுக்குக் கொசுவலை: 300
பல்பு, கெபாசிட்டர், சுவிட்ச்: 340
கண்ணாடி, கொக்கி, திரைக் கம்பி: 420
ஆக மொத்தம்: 5,860

மிச்சம் 140 ரூபாய்க்குச் சாத்தூர் காராச்சேவு. பெட்ஷீட்டை ஐயா விரல்ல தடவிப் பாத்துட்டு, "விசைத்தறி. ஆனா பாவு நல்லா இருக்கு"ன்னு சர்டிஃபிகேட் குடுத்தாக.

தீபாவளிக்கு முந்தின நாள் அக்காவும் அத்தானும் வந்தாங்க. அத்தான் ரூமைப் பாத்துட்டு, "இது நீ பண்ணதா?"ன்னு மூணு தடவை கேட்டாரு. நான் ரொம்பப் பெருமையா இருந்தேன்.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மழை. நல்ல சாரலோட வந்துச்சு. துணி எடுக்க வெளிய ஓடினேன். திண்ணையில ஐயா உக்காந்திருந்தாக. பாயைச் சுருட்டி மடியில வச்சுக்கிட்டு, சாரல் படாத மூலையா பாத்து ஒதுங்கி, முழங்காலைக் கட்டிக்கிட்டு.

"உள்ள வரலாம்ல ஐயா?"

"ஹால்ல எல்லாரும் படுத்துருக்கீகளே தாயி. கதவைத் தட்டினா மாப்பிள்ளை முழிச்சிக்குவாக."

ஆறு வாரமா நான் லிஸ்ட் போட்டிருக்கேன். கொக்கி எத்தனை வேணும்னு கூட எழுதியிருக்கேன். 'ஐயா எங்க படுப்பாக'ன்னு ஒரு வரி அதுல இல்ல. கட்டிலைக் கூட நான்தான் தூக்கிட்டுப் போய்ப் பின்னாடி கொட்டகையில போட்டேன், ரூமுக்கு மேட்ச் ஆகலைன்னு. அப்பாவும் யோசிக்கல, அம்மாவும் யோசிக்கல. ஆனா ரூமைக் காலி பண்ணினது நான்.

திருச்சுழியில பூமிநாதர் கோயிலுக்குப் பக்கத்துல சுந்தர மந்திரம்னு ஒரு வீடு இருக்கு. 1879 டிசம்பர் 30ல ரமணர் பிறந்த வீடு. அப்பத்தாவுக்கு ஊரு திருச்சுழிங்கிறதால சின்ன வயசுல இருந்தே போயிருக்கோம். ரமணரோட அப்பா சுந்தரமய்யர் அந்த ஊர்ல வக்கீலா இருந்தவர். வீட்டை ரெண்டு பகுதியா வச்சு, ஒண்ணு குடும்பத்துக்கு, இன்னொண்ணு வந்து தங்குறவங்களுக்குன்னு விட்டிருந்தாராம். ப்ராஜெக்ட் ஆரம்பிச்சப்ப இதை நான் அம்மாகிட்ட பெருமையா சொன்னேன், "அந்தக் காலத்துலயே நம்ம பக்கம் கெஸ்ட் ரூம் இருந்திருக்கு." அந்த மழை ராத்திரியில இன்னொரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. 1892ல சுந்தரமய்யர் இறந்ததும் குடும்பமே பிரிஞ்சு போச்சு. அந்தப் பையன் மதுரையில சித்தப்பா வீட்டுல போய்த் தங்கிப் படிச்சான். வீட்டுக்காரனா இருக்கிறதுக்கும் விருந்தாளியா ஆகுறதுக்கும் நடுவுல இவ்வளவுதான் தூரம். எங்க ஐயாவை அவுக வீட்டுலயே நான் விருந்தாளியா ஆக்கியிருந்தேன். அதுவும் இடம் இல்லாத விருந்தாளி.

காலையில அத்தான்கிட்ட அக்கா சொல்லிட்டா. மிச்ச ரெண்டு ராத்திரியும் அத்தான் மாடிப்படிக்குக் கீழ இருந்த இடத்துல பாய் விரிச்சுப் படுக்கிறேன்னு அடம் புடிச்சாரு, அம்மா விடல. கடைசியில ஹால்ல ஐயாவுக்குக் கட்டில் போட்டு, நாங்க மூணு பேரும் தரையில நெருக்கிப் படுத்தோம். இதை மொத நாளே பண்ணியிருக்கலாம். காசே ஆகியிருக்காது.

அவங்க கிளம்பினப்புறம் ஐயா அந்த ரூமுக்குத் திரும்பிப் போக மாட்டேன்னுட்டாக. "விருந்தாளி ரூமு தாயி, நான் படுத்தா அழுக்காகும்." நாலு நாள் கெஞ்சினேன். அப்புறம் கெஞ்சுறதை விட்டுட்டு, கயித்துக் கட்டிலைக் கொண்டு போய் ஜன்னல் பக்கம் போட்டு, மெத்தையைச் சுருட்டிப் பரண்ல ஏத்திட்டேன். கண்ணாடிக்குப் பக்கத்துக் கொக்கியில அவுக துண்டை மாட்டினேன். அன்னைக்கு ராத்திரி போய்ப் படுத்துக்கிட்டாக. ஃபேன் காத்து ஜாஸ்தியா இருக்குன்னு மறுநாள் புகார் வேற.

இப்ப நாங்க அதைத் தறி ரூம்னே சொல்றோம். யாராவது வந்தா மெத்தை கீழ இறங்கும், கட்டில் ஹாலுக்குப் போகும். ஆனா மொதல்ல ஐயாகிட்ட கேப்போம்.

எனக்கு ஜூலையில சென்னையில ஜாயினிங். போன வாரம் அம்மா சாதாரணமாத்தான் சொன்னாங்க, "இனிமே நீ லீவுக்கு வந்தா தறி ரூம்லயே படுத்துக்கடி, மெத்தை இருக்குல்ல." சரிம்மான்னேன். போனை வச்சப்புறம்தான் உறைச்சது. ஃபைனல் இயர் மக்களே, உங்களுக்கும் இதேதான். அடுத்த வருஷம் நம்ம வீட்டுக்கு நாமதான் கெஸ்ட்.

லீவுக்குப் போறப்ப ரூம் டெக்கரேட் பண்ற ஐடியா இருந்தா, மேல இருக்கிற லிஸ்ட்டைத் தாராளமா எடுத்துக்கோங்க. மொத வரியா மட்டும் ஒண்ணு சேத்துக்கோங்க: இந்த ரூம்ல இப்ப யாரு படுக்கிறாங்க?