கீபோர்டு மேல் கிடந்த துணி



இன்று காலை ஆராதனையில் கீபோர்டு மேல் போட்டிருந்த துணியை யாரும் எடுக்கவில்லை. வாசிக்கிற தம்பி வரவில்லை. முதல் பாமாலையை நானே எடுத்துக் கொடுத்தேன், சுருதி தெரியாமல் உயரத்தில். இரண்டாம் சரணத்தில் பெண்கள் பக்கம் சத்தம் நின்றது. மூன்றாவதை நானும் ஐயரும் மட்டும் பாடி முடித்தோம்.

தம்பி என்னிடம் 7ஆம் வகுப்பு படித்தவன். 10 வருடம் வாசித்தான். ஞாயிறு காலை மட்டும் என்று நினைக்காதீர்கள். சனி மாலை பாடகர் குழு பயிற்சி, லெந்து நாட்கள், பெரிய வெள்ளி 12 முதல் 3 வரை மும்மணி ஆராதனை, டிசம்பரில் ராத்திரி ராத்திரியாகக் கேரல். அடக்க ஆராதனை என்றால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வரவேண்டும்.

கீர்த்தனையை ராகமும் தாளமும் பிடிபட்டால் காதாலேயே வாசித்துவிடலாம். பாமாலை அப்படியல்ல. நாலு குரலுக்கு எழுதிய மேல்நாட்டு டியூன்கள்; அசைக்கு அசை கார்டு மாறும். கை பழக வருடங்கள் ஆகும். மொபைலில் டிராக் போடலாமே என்கிறார்கள். பாட்டிமார் மூச்சு வாங்கும் இடத்தில் டிராக் நிற்குமா?

போன வருடம், பெட்ரோலுக்காவது ஏதாவது கொடுங்கள் என்று கமிட்டியில் கேட்டான். "ஊழியத்துக்குக் கூலியா தம்பி?" என்றார் ஒருவர். அதே கூட்டத்தில் பந்தல்காரர் பில்லும் மைக்செட் பில்லும் பாஸாயின. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. (வேதநாயக சாஸ்திரியாரையே தஞ்சை சரபோஜி மன்னர் பொருள் கொடுத்து ஆதரித்தார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வாத்தியார் புத்தி!)

மதியம் போன் செய்தேன்.

"கோபம்லாம் இல்ல சார். வேற இடத்துல கூப்பிட்டாங்க, ஏதோ கொடுக்கவும் செய்றாங்க. ஆனா அது மட்டும் இல்ல. எனக்குக் காய்ச்சல்னா வாசிக்க இன்னொரு ஆள் இருந்திருந்தா நான் போயிருக்க மாட்டேன். 10 வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமைகூட என் பிள்ளையோட பெஞ்சுல உட்காரலையே சார்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கமிட்டியில் இருக்கிறவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். அடுத்த கூட்டத்தில் வாசிப்பவருக்கு மாதத் தொகை வேண்டும் என்று நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒரு ஆள் வேண்டும். வீட்டில் அப்பா காலத்துக் கால் ஆர்மோனியம் இருக்கிறது. 2 கட்டை பேசாது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை 4 மணிக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். மாதம் 2 சனி வந்து சொல்லிக்கொடுக்கத் தம்பி சம்மதித்துவிட்டான். எவ்வளவு என்று இந்தத் தடவை நானே முதலில் கேட்டேன்.