தோற்றவருக்கு முதல் பூஜை

பழனிக்குப் போகிறவர்கள் மொட்டைத் தலையுடன் திரும்பி வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்த மொட்டை ஒரு மகா யுத்தத்தையே கிளப்பிவிட்டது.

சென்ற வருஷம் எங்கள் பையன் டைபாய்டு ஜுரத்தில் படுத்துவிட்டான். ஒரு நாள் ராத்திரி ஜுரம் இறங்கவே இல்லை. என் மாமியார் ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து, "பழனியாண்டவா! குழந்தை எழுந்து நடமாடட்டும். உன் மலைக்கு வந்து முடி இறக்குகிறோம்" என்று வேண்டிக்கொண்டார். பையன் எழுந்தான், நடந்தான், இப்போது ஓடவே செய்கிறான். ஆனால் நேர்ந்துகொண்டவர் பாட்டி, முடியோ பேரனுடையது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

"மாட்டவே மாட்டேன்! தோத்தவனுக்குத்தான் மொட்டை அடிப்பாங்க" என்றான் பையன்.

இது என்ன புது சாஸ்திரம் என்று விழித்தேன். விசாரித்துப் பார்த்ததில், குற்றவாளி என் கணவர்தான் என்று தெரிந்தது. இவருக்கு மல்யுத்தப் பைத்தியம். பரம்பரையாக வந்தது. என் மாமனார் தாராசிங், கிங்காங் குஸ்தி என்றால் சோறு தண்ணீரை மறந்துவிடுவாராம். 1968-ல் பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸைத் தாராசிங் வீழ்த்திய செய்தியைப் பத்து நாள் சொல்லிக்கொண்டிருந்தாராம். "ராமாயணத்தில் ஹனுமாராக வந்தாரே, அந்த மகராஜன்தானே?" என்பதோடு மாமியாரின் மல்யுத்த ஞானம் முடிந்துவிடும். இவருடைய ஞானமோ கடல் தாண்டி மெக்ஸிகோ வரைக்கும் போயிருக்கிறது. பையனுக்கு ராத்திரிக் கதையெல்லாம் அந்த ஊர்க் குஸ்திதான்.

திண்டுக்கல்லில் ரயிலை விட்டு இறங்கிப் பழனி பஸ்ஸில் ஏறினோம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரி லாரியாகக் காய்கறி ஏறிக்கொண்டிருந்தது. அதை வேடிக்கை பார்த்துக்கொண்டே, "அந்த மொட்டைக் கதையை எனக்கும் கொஞ்சம் சொல்லுங்கள்" என்றேன்.

இவர் உற்சாகமாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"1933-ல் சால்வடோர் லூட்டெரோத் என்பவர் மெக்ஸிகோவில் ஒரு மல்யுத்தக் கம்பெனி ஆரம்பித்தார். அந்த ஊர் வீரர்களில் பலர் முகமூடி போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுவார்கள். முகம் தெரிந்துவிட்டால் மானம் போயிற்று. பெரிய சண்டைகளில் பணத்தைவிட அந்த மானத்தைத்தான் பந்தயம் வைப்பார்கள். முகமூடிக்காரன் முகமூடியை வைப்பான். முகமூடி இல்லாதவன் தலைமுடியை வைப்பான். தோற்றவனை மேடையிலேயே உட்கார வைத்து, ஊர் ஜனம் பார்க்க மொட்டை அடித்துவிடுவார்கள்!"

"எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டம்தானே?" என்று கேட்டேன்.

"யார் ஜெயிப்பது என்பது பேசி வைத்ததுதான். ஆனால் வழித்த முடி வழித்ததுதானே!"

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"ஜோடிச் சண்டையைச் சொல்லுங்கப்பா" என்று பையன் எடுத்துக்கொடுத்தான்.

இரண்டு பேர் ஒரு கட்சி, இரண்டு பேர் எதிர்க் கட்சி. அதுதான் ஜோடிச் சண்டை. சான்ட்டோ, அதாவது 'புனிதர்' என்று பெயர் வைத்துக்கொண்ட வெள்ளி முகமூடிக்காரர், கோரி கெர்ரேரோ என்பவருடன் சேர்ந்து 'அணு ஜோடி' என்று பெயர் வாங்கினார். அவர்களைப் போலவே பிரபலமானது 'நிழல் சகோதரர்கள்' ஜோடி. கறுப்பு நிழல் என்று ஒருவர். நீலப் பிசாசு என்று ஒருவர். உண்மையில் உடன்பிறந்தவர்கள் அல்ல. 1952-ஆம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி சான்ட்டோவும் கறுப்பு நிழலும் முகமூடியைப் பந்தயம் வைத்து மோதினார்கள். கறுப்பு நிழல் தோற்றார், முகமூடி கழன்றது. ஜோடிக்காரர் அவமானப்பட்டதை நீலப் பிசாசு மறக்கவில்லை. மறு வருஷமே சான்ட்டோவை வீழ்த்தி, அவரிடமிருந்த உலகப் பட்டத்தைப் பறித்துக்கொண்டார்.

ஜோடிச் சண்டையில் ஜனங்களுக்கு மோகம் வளர்ந்தது. 1957-ல் மெக்ஸிகோவின் தேசிய ஜோடிப் பட்டம் பிறந்தது. லூட்டெரோத்தின் கம்பெனி 1993-ல் உலக ஜோடிப் பட்டம் என்றே ஒன்றை ஏற்படுத்தியது. சான்ட்டோ 1984-ல் காலமானபோது அந்த வெள்ளி முகமூடியுடனேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

"பாத்தீங்களா அம்மா! செத்ததுக்கு அப்புறம்கூட அவர் கழட்டலை" என்றான் பையன், தன் தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு.

"இன்னொரு வேடிக்கை கேள்" என்றார் இவர். "மற்ற தேசங்களில் களைத்தவன் கையை நீட்டி ஜோடிக்காரன் கையைத் தொட்டால்தான் அவன் உள்ளே வரலாம். மெக்ஸிகோவில் அதுகூட வேண்டாம். ஒருவன் மேடையை விட்டுக் கீழே இறங்கித் தரையைத் தொட்டால் போதும். மற்றவன் உள்ளே குதித்துவிடலாம்."

விழுந்தவன் கூப்பிடக்கூட வேண்டாம்! எனக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்துவிட்டது.

பழனியில் சத்திரத்தில் சாமான்களைப் போட்டுவிட்டு, அடிவாரத்தில் திருவாவினன்குடி முருகனைத் தரிசித்தோம். அறுபடை வீடுகளில் மூன்றாவது இதுதான். மலைக்குப் போக 1966-லிருந்து விஞ்ச் இருக்கிறது. 2004-லிருந்து ரோப் காரும் ஓடுகிறது. "நேர்ந்துகொண்டவள் நான். நடந்துதான் வருவேன்" என்று மாமியார் சொல்லிவிட்டதால், 693 படிகளையும் ஏறத் தொடங்கினோம். ராத்திரிக்குள் பேரன் மனசை மாற்றிவிட வேண்டும் என்ற உத்தேசமும் அவருக்கு இருந்திருக்கலாம்.

பாதி மலையில் இடும்பன் சந்நிதி. மாமியார் மூச்சு வாங்க அங்கே உட்கார்ந்தார்.

"குஸ்திக் கதை கேட்பாயே, இங்கே நடந்த குஸ்தி தெரியுமாடா உனக்கு?" என்று ஆரம்பித்தார்.

அகஸ்திய முனிவர் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தெற்கே கொண்டுவரும்படி தம் சீடன் இடும்பனிடம் சொன்னார். அவன் மலைக்கு ஒன்றாகத் தண்டின் இரு முனைகளிலும் பாம்புகளைக் கயிறாக்கிக் கட்டி, தோளில் தூக்கி வந்தான். உலகத்தில் முதல் காவடி அதுதான். ஆவினன்குடிக்கு வந்ததும் இறக்கி வைத்து இளைப்பாறினான். மறுபடி தூக்கினால் மலை அசையவில்லை! மேலே பார்த்தால், கோவணம் கட்டிய பையன் ஒருவன் கையில் தண்டத்துடன் நின்றுகொண்டு, "இது என் மலை" என்கிறான். இடும்பனுக்குக் கோபம் வந்தது. பாய்ந்தான். அடுத்த நிமிஷம் உயிரற்றுக் கீழே கிடந்தான்.

"ஒரே அடியிலயா?" என்றான் பையன்.

"ஒரே அடிதான். அப்புறம் அவன் பெண்டாட்டி இடும்பி ஓடி வந்தாள். 'என் புருஷனை எனக்குக் கொடு' என்று அந்தப் பையன் காலில் விழுந்து அழுதாள்."

பையன் துள்ளி எழுந்தான். "அப்பா! இடும்பன் கீழே விழுந்ததும் இடும்பி உள்ளே வந்துட்டா! ஜோடிச் சண்டை!"

இவர் பிரமித்துப் போய் என்னைப் பார்த்தார். நான் சும்மா இருப்பேனா? "சண்டை போடாமலே ஜெயித்துவிட்டாள் பாருங்கள்" என்றேன்.

அகஸ்தியரும் வந்து வேண்ட, முருகன் இடும்பனை எழுப்பினான். அவனையே தன் வாசலுக்குக் காவலாக வைத்துக்கொண்டான். காவடி எடுப்பவர்கள் இன்றைக்கும் இடும்பனைக் கும்பிட்டுவிட்டுத்தான் முருகனிடம் போகிறார்கள்.

"தோத்தவனுக்கா முதல் பூஜை?" என்று நம்ப முடியாமல் கேட்டான் பையன்.

"அவன் மட்டுமா தோற்றான்? மேலே நிற்கிறாரே, அவர் எதற்கு இங்கே வந்தாராம்? ஒரு பழத்துக்குப் போட்டி. இவர் மயிலேறி உலகத்தைச் சுற்றி வருவதற்குள், அண்ணன் அப்பா அம்மாவைச் சுற்றிப் பழத்தை வாங்கிக்கொண்டுவிட்டார். தோற்றுக் கோபித்துக்கொண்டு வந்து நின்ற மலைதான் இது!"

பையன் அதற்குமேல் பேசவில்லை. மீதிப் படிகளை மௌனமாக ஏறினான். வழிக் கடைகளில் மாட்டியிருந்த படங்களில், மழித்த தலையும் தண்டமுமாக நின்ற ஆண்டியை ஒவ்வொரு கடையிலும் நின்று பார்த்தான். மேலே நாங்கள் போய்ச் சேர்ந்த வேளை சாயரட்சை. கிரீடமும் பட்டும் நகையுமாக ராஜ அலங்காரத்தில் சுவாமி ஜொலித்தார். போகர் சித்தர் நவபாஷாணத்தில் செய்தது என்று சொல்லப்படும் சிறிய திருவுருவம். ஆண்டியும் அவரே, அரசரும் அவரே. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் விடியற்காலை முடி இறக்கும் மண்டபத்துக்குப் போனோம். பையன் தானாகவே போய் உட்கார்ந்துவிட்டான். தலையில் தண்ணீர் தெளித்ததும் அவன் உதடு துடித்தது. கண்களில் தண்ணீர் நிறைந்துவிட்டது. "என்னைக் கேக்காமலே ஏன் பாட்டி வேண்டிக்கிட்டீங்க?" என்றான் மெதுவாக.

என் மாமியார் எதற்கும் அசராதவர். அன்று அவர் குரல் அடைத்தது. "கேட்கிற நிலையிலா நீ இருந்தாய்? எனக்கு வேறே ஒன்றும் தோன்றலேடா கண்ணு. ஆனால் இங்கே கூட்டி வருவதற்கு முன்னாலாவது உன்னைக் கேட்டிருக்க வேண்டும். தப்புத்தான். வேண்டாம் என்றால் எழுந்துவிடு. என் முடியைக் கொடுத்து நான் கடனைத் தீர்த்துக்கொள்கிறேன்."

நான் வாய் திறக்கு முன்பே பக்கத்தில் ஏதோ சத்தம். இவர் சட்டையைக் கழற்றிக் கொண்டிருந்தார். நேயர்களுக்கு ஒரு ரகசியம்: இவருக்கு முன்பக்கம் முடி கொஞ்சம்தான். அதைப் பக்கவாட்டில் சீவிச் சீவிக் காப்பாற்றி வைத்திருந்தார். ஆபீஸ் போகும்போது கால் மணி நேரம் கண்ணாடிக்கு முன்னால் நிற்பவர், கூப்பிடாமலே வந்து, பையன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்!

"அப்பா, நான் இன்னும் கீழே விழலையே" என்றான் பையன்.

"தெரியும்டா. நான் முன்கூட்டியே உள்ளே வந்துட்டேன். இது பழனிச் சட்டம்."

பையன் சிரித்துவிட்டான். அவன் எழுந்திருக்கவில்லை. இரண்டு தலைகளும் ஒரே சமயத்தில் குனிந்தன. என் மாமியார் பூ முடி கொடுத்தார். நானும் கொடுத்தேன். சந்தனம் பூசிய இரண்டு மொட்டைகளையும் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு கொடைக்கானல் பஸ் ஏறினோம். மலை வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் எல்லாம் சேர்ந்து மணக்கும் இந்தப் பிரசாதத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 64 கிலோமீட்டர் மலைப்பாதை. வளைவுக்கு வளைவு கீழே பழனி சின்னதாகிக்கொண்டே போயிற்று. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு உதவும் சிறுமலைப்பழம், விருப்பாச்சி வகைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது மலைக் காற்று குளிர ஆரம்பித்துவிட்டது.

சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ள கொடைக்கானலும் ஒரு விதத்தில் தோற்றவர்கள் கண்டுபிடித்த ஊர்தான். மதுரை வெயிலிலும் விஷ ஜுரத்திலும் குழந்தைகளைப் பறிகொடுத்த அமெரிக்கப் பாதிரிமார்கள், 1845-ல் இங்கே இரண்டு பங்களாக்கள் கட்டிக்கொண்டு குடியேறினார்கள். 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். அதில் அப்பாவும் பிள்ளையும் இரட்டை மிதி படகில் ஏறி, மொட்டைத் தலைகள் பளபளக்க ஒரு சுற்று வந்தார்கள்.

குளிர் மொட்டையில்தான் முதலில் ஏறும் போலிருக்கிறது! ஏரிக்கரைக் கடையில் இரண்டு பேருக்கும் குரங்குக் குல்லா வாங்கிக் கொடுத்தேன். பையன் அதை இழுத்து மாட்டிக்கொண்டு, கண்கள் மட்டும் தெரிய, "நான்தான் நீலப் பிசாசு!" என்று குதித்தான்.

கடைசியாகக் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். இதை 1936-ல் கட்டியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒரு பெண்மணி. இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, இந்து சமயத்தைத் தழுவி, லீலாவதி என்று பெயர் கொண்டவர். கணவர் 1930-ல் காலமான பின், யாழ்ப்பாணத்தில் அவர் தொடங்கிய பெண்கள் கல்லூரியைக் கட்டிக் காத்தவரும் இவர்தான். ஒருவர் விழுந்த இடத்தில் மற்றவர் இறங்கி நிற்பது மெக்ஸிகோச் சட்டம் மட்டும் அல்ல என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலைச் சுற்றிக் குறிஞ்சிச் செடிகள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூப்பவை. 2018-ல் பூத்தன, அடுத்த முறை 2030-ல். பின்புறம் போய் நின்றோம். மேகம் சற்றே விலகியது. வெகு தூரத்தில், சமவெளி நடுவே, பொம்மை போலப் பழனி மலை தெரிந்தது.

"அதோ பாரடா, இடும்பன் தூக்கி வந்த மலை" என்றார் மாமியார்.

பையன் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கை கூப்பினான். குளிரில் அவன் தலை சிலிர்த்தது.

"போட்டுக்கொள்ளடா, ஜலதோஷம் பிடிக்கும்" என்றேன்.

"இருங்கம்மா. அவரும் குல்லா போடாமல்தானே நிக்கிறார்" என்றான்.