வாராக்கடன்

வங்கிகளில் பயிர்க்கடனுக்கு ஒரு விதி உண்டு. குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடனின் அசலோ வட்டியோ இரண்டு பயிர்ப் பருவங்கள் தாண்டியும் வந்துசேராவிட்டால் அது வாராக்கடன். மற்ற கடன்களுக்கு 90 நாள் கணக்கு. இதற்குப் பருவக் கணக்கு. காலண்டரை விட்டு வயலைப் பார்த்து எழுதப்பட்ட விதி என்பதால் இதன்மேல் எனக்கு ஒரு பிரியம். இதே விதியை எனக்குப் பொருத்தினால் நானும் ஒரு வாராக்கடன்காரன்தான். பாக்கி, 4 கிலோ நெல்.

2015 கோடையில், திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவுக்குப் போயிருந்தேன். 2006இலிருந்து நெல் ஜெயராமன் அதை நடத்திவந்தார். ஏற்பாடு மிக எளிமையானது. வருகிற விவசாயிக்கு ஏதாவதொரு பாரம்பரிய ரகத்தில் 2 கிலோ விதைநெல் இலவசம். அடுத்த வருஷம் அவர் அதை 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. 2018 டிசம்பரில் ஜெயராமன் இறந்தபோது, அவர் மீட்டெடுத்த ரகங்கள் 174.

குமாஸ்தா புத்தி உடனே கணக்குப் போட்டது: நூறு சதவீத வட்டி. கந்துவட்டிக்காரனே கூசுவான். பிறகுதான் விளங்கியது. ஒற்றை நாற்றாக விலக்கி நட்டால் 2 கிலோ விதை ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குப் போதும். ஒரு மாவில் விளைவதில்கூட 4 கிலோ என்பது களத்தில் கூட்டித் தள்ளும் அளவு. அந்த நான்கு கிலோவும் கொடுத்தவரிடம் தங்குவதில்லை. இரண்டிரண்டாகப் பிரிந்து இன்னும் இரண்டு பேருக்குப் போகிறது. எங்கள் வட்டி வாங்கியவனிடமிருந்து கொடுத்தவனிடம் திரும்புகிறது. அங்கே வட்டி என்பது அடுத்த ஆள்.

நான் போனது வேறு காரணத்துக்காக. விதை, வேர், மண் ஆகிய வார்த்தைகளை ஐந்தாறு வருஷமாக என் கட்டுரைகளில் கூசாமல் பிரயோகித்துவந்தேன். ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மாப்பிள்ளைச் சம்பா 2 கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்பா ஒரு மா ஒதுக்கிக் கொடுத்தார். "எத்தனை நாள் பயிர்டா?" என்றார். நூற்றறுபது என்றேன். "ஊரெல்லாம் அறுத்த பிறகு நாம மட்டும் மாட்டை விரட்டிக்கிட்டு நிக்கணும்" என்றார். ஆனாலும் ஆடிக் கடைசியில் நாற்று விட்டார். பயிர் அப்படி வளர்ந்தது. கார்த்திகையில் என் தோளுக்கு வந்துவிட்டது. சாலையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். நான்கு நாள் மழையில் மொத்தமும் சாய்ந்து தண்ணீரில் படுத்தது. அறுத்தபோது பாதி பதர்.

பிறகு தெரிந்தது, அப்பா வழக்கம்போல யூரியா போட்டிருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை. அவர் வயலில் இறங்கியது எழுபதுகளில். 1966இல் வந்த ஐ.ஆர்.8, தைவானின் குட்டை ரகமொன்றை இந்தோனேஷியாவின் நெட்டை ரகமொன்றோடு சேர்த்து உண்டாக்கியது. தழைச்சத்தை எவ்வளவு கொடுத்தாலும் உயரமாகப் போய்ச் சாயாமல் கதிராக மாற்றுவதுதான் அந்தக் குட்டைத்தனத்தின் காரியம். அதற்குப் பின் வந்த ரகங்களும் அதே ஜாதி. அப்பாவின் கை அந்தப் பயிர்களோடு சேர்ந்து பழகிய கை. நெட்டைப் பயிருக்கு அதே உரம் விஷம். தாத்தாவின் கைக்கு இது தெரிந்திருக்கும், தாத்தா இல்லை. விதை திரும்பி வந்துவிட்டது, அதை வளர்க்கும் கை திரும்பி வரவில்லை.

ஆனாலும் முப்பது கிலோ போலத் தேறியது. கொடுக்கவேண்டிய நான்கு கிலோ அதில் இருந்தது. நான் கணக்கு முடிவு நேரம், வேலை அதிகம் என்று ஊருக்குப் போகவில்லை. சித்திரையில் போனபோது, அம்மா அதை அவித்து அரைத்து வைத்திருந்தாள். கஞ்சி நன்றாக இருந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போதே ஞாபகம் வந்தது: அரிசியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அது முளைக்காது.

பிலிப்பைன்ஸின் லாஸ் பன்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைப் பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகை குளிரில் வைத்திருக்கிறார்கள். அது அவசியமான காரியம், நான் குறைசொல்லவில்லை. ஆனால் நம் வீட்டுக் குதிரில் நெல் ஓரிரு வருஷத்தில் முளைப்பை இழக்கிறது. விதைத்தால் உண்டு, விதைக்காவிட்டால் இல்லை. கண்காட்சிகளில் பெயர் ஒட்டிய கண்ணாடிச் சீசாக்களில் நெல் ரகங்களை வரிசையாக வைத்து மாணவர்களைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பெயர்கள் நோட்டுப் புத்தகத்துக்குப் போகின்றன. சீசாவுக்குள் இருப்பது அதற்குள் அரிசிக்குச் சமமாகியிருக்கக்கூடும். மரபு பற்றிய நம்முடைய பேச்சில் எவ்வளவு இந்தச் சீசா வகை என்று எனக்கு இப்போது சந்தேகம். பெயர்களை நான் சரியாகத்தான் சொல்லிவந்தேன்.

சமீபத்தில் கவுண்டரில் ஒரு பெரியவரிடம், கடன் புதுப்பிக்கும் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்கு எண்பது இருக்கும். சிரிக்கவில்லை.

"அது பசி தாங்குற பயிரு, தம்பி. அதப் போயி ஊட்டி வளத்தீங்களே" என்றார்.

"நீங்கள் ஏன் இப்போது போடுவதில்லை, ஐயா?" என்றேன்.

"கொள்முதலுக்குப் போறது எதுவோ அதத்தான் மவன் போடுறான். ஒங்க கடனயும் கட்டணும்ல" என்றார்.

அந்தத் தாளில் ஏக்கருக்கு இவ்வளவு என்று தொகையை எழுதியவன் நான்தான். இந்தப் பயிர் முறையில் நானும் ஓர் உறுப்பு என்பது, இத்தனை வருஷத்தில், அப்போதுதான் உறைத்தது.

ஜெயராமன் இல்லை. கடனை யாரிடம் செலுத்துவது என்பது பிரச்னையில்லை. அது ஆரம்பத்திலிருந்தே அவருக்கு உரிய கடனாக இருந்ததில்லை. மறுபடியும் 2 கிலோ கேட்டு வாங்கியிருக்கிறேன். அப்பா அதே மாவை ஒதுக்கியிருக்கிறார். பெரியவர் ஒருநாள் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வரும்போது லீவு போடவேண்டும்.

அறுத்தால், எட்டு கிலோ தனியாக எடுத்து வைக்கும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நான்கு பழைய பாக்கி.