பிறந்த மண்ணும் குடியுரிமையும்

தெல்தோட்டை உயர்தர மாணவருக்கு அமெரிக்க அரசியலமைப்பைக் கற்பிக்குங்கால், நாம் தேயிலை மலையிலிருந்தே பாடத்தைத் தொடங்குகின்றோம்.

அருகேயுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867-இல். மறு ஆண்டே அமெரிக்கா தன் அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தத்தால், தன் மண்ணில் பிறந்து தன் ஆட்சிக்குட்பட்டோர், முன்னாள் அடிமைகள் உட்பட, குடிமக்களே என்று விதித்தது. ஆயினும் அவ்வுரிமை தென் மாநிலக் கறுப்பின மக்களை வாக்குச்சாவடி வரை கொண்டு சேர்க்க 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வேண்டியிருந்தது.

இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ, இங்கே பிறந்தவரிடமும் தந்தையேனும், பாட்டனும் பூட்டனுமேனும் இங்குப் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தோரிடம் பத்திரம் ஏது? இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். அவர்களுட் பலர் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தனர்.

மாணவச் செல்வங்களே, பிறப்புச் சான்றிதழை வெறுங்காகிதமென எண்ணாதீர். உங்கள் பாட்டனார் கேட்டும் கிடையாத பொருள் அது.