எஞ்சினுக்கு ஒரு மூளை தேடினேன்

(இளங்கலை அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

திங்கட்கிழமைகளில் மட்டும் நான் கடைசி வரிசைக்குப் போய்விடுவது ஏன் என்று எங்கள் ஒளியியல் பேராசிரியர் ஒருமுறை கேட்டார். கரும்பலகைக்கு அழைத்துவிடுவாரோ என்ற பயம் என்று நண்பர்கள் சிரித்தார்கள். உண்மை வேறு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பட்டறையில் நின்றவனின் நகக்கண்ணில் ஏறிய கரி, எத்தனை முறை சோப்புப் போட்டாலும் செவ்வாய்க்கிழமைக்கு முன் போகாது. அந்தக் கரியின் கதையைத்தான் இம்மலரில் எழுத எண்ணினேன்.

என் தந்தையார் கோவை கணபதியில் ஒரு கார்ப் பட்டறையில் லேத்தும் மில்லிங்கும் பார்ப்பவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே பட்டறையில் எனக்குப் பெயரே 'படிச்ச பையன்'தான். வங்கியிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதமானாலும், வரி ரசீதானாலும், புதுக் கருவியின் விளக்கத்தாளானாலும் என் முன் நீட்டப்படும். தெரியாது என்று சொன்னால் அப்பாவின் முகம் வாடும். அதனால் தெரியும் என்று சொல்லியே பழகிவிட்டேன். அந்தப் பழக்கத்துக்கு ஒரு பிஸ்டன் விலையாயிற்று.

பட்டறை முதலாளியிடம் ஒரு பழைய மாருதி எஸ்டீம் இருக்கிறது. 1,298 சி.சி. எஞ்சின், 16 வால்வுகள். செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அதை ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கோவைக்காரர்களுக்கு இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. மாருதி 800 எஞ்சினை வைத்தே பந்தயக் கார் கட்டிக்காட்டிய கரிவரதன் நம் ஊர்க்காரர். 1995இல் அவர் மறைந்த பின் அவர் பெயரால் அமைந்ததுதான் அந்த ஓடுதளம். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் இவ்வூரார்தாம். இந்த ஊரில் தேநீர்க் கடையிலும் எஞ்சின் பேச்சு நடக்கும்.

இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். இவ்வகை மாற்றங்கள் செய்த காரைச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். எங்கள் எஸ்டீம் ஓடுதளத்துக்கு மட்டுமே உரியது. லாரியில் ஏறிப்போய் லாரியில் ஏறி வரும்.

முதலாளி எஞ்சினில் காம்ஷாஃப்டை மாற்றினார். ஹெட்டைச் சற்று இழைத்தார். பெரிய த்ராட்டிலும் பெரிய இன்ஜெக்டர்களும் பொருத்தினார். இத்தனையும் செய்த பிறகு கார் கிளம்ப மறுத்தது. கிளம்பினாலும் கறுப்புப் புகை கக்கி நின்றது. காரணம், இருக்கைக்கு முன்னே ஒளிந்திருக்கும் ஈ.சி.யு. என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த எஞ்சினைத்தான் அதற்குத் தெரியும். மாறிய எஞ்சினை அது அறியாது.

"ஏந்தம்பி, இதுக்கு எந்தப் பெட்டி வாங்கோணும்? நீ பார்த்துச் சொல்லு" என்றார் முதலாளி. அப்பா லேத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்றேனுங்கண்ணா" என்றேன்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் அந்தப் பெட்டி செய்யும் வேலையின் அருமை தெரிந்தது. நான்கு சிலிண்டர்களில் ஒன்றின் பங்கு ஏறத்தாழ 325 சி.சி. அதில் காற்று முழுதாக நிறைந்தாலும் அதன் எடை அரைக் கிராம் கூட இல்லை. 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது முழுமையாக எரிவதற்கான விகிதம். முழு வேகத்தில் இழுக்கும்போது 13 பங்குக்கும் சற்றுக் கீழே, அதாவது பெட்ரோல் கூடுதலாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒருமுறைக்கு ஒரு சிலிண்டர் குடிப்பது சுமார் 0.03 கிராம் பெட்ரோல். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் நொடிக்கு ஐம்பது முறை இதை அளந்து ஊற்ற வேண்டும். தீப்பொறியோ, ஒரு பாகை பிசகாமல் விழ வேண்டும். அந்த வேகத்தில் ஒரு பாகை என்பது நொடியின் பத்து லட்சத்தில் 28 பங்குதான்.

காற்றின் எடையைப் பெட்டி எப்படி அறிகிறது? அழுத்தம், பருமன், வெப்பநிலை இவற்றைச் சேர்த்துப் பிணைக்கும் வாயுச் சமன்பாட்டைப் பதினோராம் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அதேதான்! உறிஞ்சு குழாயில் ஒரு அழுத்த உணரி, ஒரு வெப்ப உணரி. பருமன் முன்பே தெரியும். மிச்சத்தைச் சமன்பாடு சொல்லிவிடும். 1967இல் ஃபோக்ஸ்வேகன் காரில் வந்த பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் கருவியும் இதே அழுத்தக் கணக்கில்தான் ஓடியது. தேர்வுக்காகப் படித்த ஒரு வரி என் அப்பாவின் பட்டறையில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது என்று அறிந்த இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

வழிகள் மூன்று இருந்தன. முதலாவது, பழைய பெட்டிக்குள்ளேயே புதிய எண்களை எழுதுவது. புதிய கார்கள் பலவற்றுக்கு இதுவே சிறந்தது. ஆனால் எங்கள் பெட்டி வயதானது. அதைத் திறந்து எழுதத் தெரிந்தவர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது, பழைய பெட்டிக்கும் உணரிகளுக்கும் நடுவே இன்னொரு சிறு பெட்டியைச் செருகுவது. அது உணரி சொல்வதைச் சற்றே திரித்து மேலே அனுப்பும். கணக்குப்பிள்ளையை ஏமாற்றிப் படியளக்க வைப்பது போன்ற வேலை. சிறிய மாற்றங்களுக்கு அது போதும். எங்கள் காரிலோ இன்ஜெக்டரே மாறிவிட்டது. பழைய பெட்டி தன் ஆக்சிஜன் உணரியைப் பார்த்து, திரித்ததையெல்லாம் மறுபடி திருத்திக்கொண்டே இருக்கும். மூன்றாவது, பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு முழுப் பொறுப்பையும் புதுப் பெட்டியிடம் ஒப்படைப்பது.

மூன்றாவதுதான் எங்கள் வழி என்று தெளிந்தேன். அதிலும் எது? ஆஸ்திரேலியாவின் மோட்டெக், ஹால்டெக், நியூசிலாந்தின் லிங்க் எனப் பெரிய பெயர்கள் உண்டு. நான் விசாரித்தவற்றில் ஒன்றின் விலை என் அப்பாவின் நான்கு மாதச் சம்பளம். மறுபுறம், அமெரிக்காவில் பௌலிங், கிரிப்போ என்ற இருவர் தொடங்கிய மெகாஸ்கவர்ட். ஆர்டுயினோ மெகா பலகையின் மேல் ஓடும் ஸ்பீடுயினோ. ஸ்பீடுயினோவின் வரைபடமும் நிரலும் எவரும் எடுத்துப் பார்க்கத் திறந்தே கிடக்கின்றன.

நான் ஸ்பீடுயினோவைச் சொன்னேன். எங்கள் காருக்கு அது போதும் என்பது உண்மையான காரணம். நான்கு சிலிண்டர், டர்போ இல்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. அதை நானே பற்றவைத்து, நானே நிரல் ஏற்றி, 'பையன் பெட்டியையே செஞ்சுட்டான்' என்று நாலு பேர் பேசக் கேட்க வேண்டும். மொத்தச் செலவை ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் நீட்டினேன். அவர் நம்பமுடியாமல் இரண்டு முறை படித்தார்.

"இவ்வளவுதானா? வேற ஏதாச்சும் வாங்கோணுமா தம்பி? இருந்தா இப்பவே சொல்லிரு."

இருந்தது. அகலப் பட்டை ஆக்சிஜன் உணரியும் அதற்கான கட்டுப்பாட்டுக் கருவியும். காரில் ஏற்கெனவே இருந்த சாதாரண உணரிக்கு 14.7 என்ற ஒரே இடம்தான் தெரியும். அதற்கு இப்புறம் பெட்ரோல் அதிகம், அப்புறம் குறைவு என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. புதியதை வாங்கினால் என் தாளில் இருந்த தொகை ஏறத்தாழ இரட்டிப்பாகும். சற்று முன்தான் முதலாளி அந்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்திருந்தார். அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாமுங்கண்ணா" என்றேன்.

அடுத்த இரண்டு வாரங்கள் என் வாழ்வில் இனிமையானவை. எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று பெட்டிக்குச் சொல்ல ஒரு பற்சக்கரம் வேண்டும். முப்பத்தாறு பற்கள், பத்துப் பாகைக்கு ஒன்று. அவற்றில் ஒன்றை மட்டும் நீக்கிவிட வேண்டும். வெளியே வாங்கலாம் என்றேன். "எதுக்கு?" என்றார் அப்பா. இரும்புத் தகட்டை வட்டமாகக் கடைந்து, மில்லிங் மெஷினின் டிவைடிங் ஹெட்டில் மாட்டினார். கைப்பிடியை நாற்பது முறை சுற்றினால் தகடு ஒருமுறை சுற்றும். முப்பத்தாறு பாகம் வேண்டுமானால் ஒரு வெட்டுக்கு எத்தனை சுற்று? நான் செல்போனை எடுப்பதற்குள், "ஒரு சுத்து, பதினெட்டுத் துளைத் தட்டுல ரெண்டு துளை" என்று சொல்லியே அவர் சுற்றத் தொடங்கிவிட்டார். நாற்பதை முப்பத்தாறால் வகுத்தால் ஒன்றும் ஒன்பதில் ஒன்றும். பதினெட்டில் இரண்டு துளை என்பது அதேதான். நான் தாளில் போட்டுச் சரிபார்த்து முடித்தபோது நான்காவது பல் வெட்டியாகிவிட்டது.

கடைசியில் ஒரு பல்லை நீக்கச் சொன்னபோதுதான் அவர் கை தயங்கியது. "நல்லா இருக்கற பல்லை எதுக்குக் கண்ணு எடுக்கோணும்?"

எல்லாப் பல்லும் ஒன்றுபோல் இருந்தால் எந்தப் பல் எது என்று பெட்டிக்குத் தெரியாது. இடைவெளி வந்தால், இதுதான் தொடக்கம் என்று எண்ண ஆரம்பிக்கும் என்று விளக்கினேன். சிறிது நேரம் யோசித்தார். "கண்ணைக் கட்டிச் செக்கு சுத்தற மாட்டுக்குப் பாதையில ஒரு குழி இருந்தா, எந்தப் பக்கம் இருக்கோம்னு தெரிஞ்சுக்கும். அப்படித்தானே சாமி?" இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

பெட்டியில் 16 வரிசை, 16 பத்தி. ஆக 256 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். அந்தச் சுழற்சியில், அந்த அழுத்தத்தில் சிலிண்டர் எவ்வளவு நிறையும் என்பது அந்த எண். மெதுவாக ஓடும் கட்டங்களைப் பட்டறையிலேயே சரிசெய்துவிட்டேன். கார் பூனைபோல் நின்று முரலியது. முதலாளி எல்லோருக்கும் போண்டா வாங்கிக்கொடுத்தார்.

ஓடுதளத்தில் பயிற்சி நாள் வந்தது. முழு வேகக் கட்டங்களில் பழைய உணரி 0.8 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பெட்ரோல் தாராளம் என்று நானும் தலையசைத்தேன். அந்தப் பக்கத்தில் அதன் வளைகோடு ஏறத்தாழத் தட்டையானது. பன்னிரண்டரைக்கும் பதினாலுக்கும் வேறுபாடு காட்டாது என்பதை நான் படித்திருந்தேன். படித்திருந்தும் தலையசைத்தேன். நான்காவது சுற்றில், நான் பெரியப்பா என்று அழைக்கும் மூத்த மெக்கானிக், "நிறுத்தச் சொல்லு, கிண்ணு கிண்ணுனு தட்டுது" என்று கையை வீசினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலைக்கவசத்துக்குள் இருந்த முதலாளிக்கும் கேட்கவில்லை. கார்புரேட்டர் காலத்துக் காது அது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் காட்டினார். வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுத்தூள் தூவினாற்போல் பளபளக்கும் புள்ளிகள். "அலுமினியம். பிஸ்டன் கரையுது."

ஹெட்டைக் கழற்றியபோது மூன்றாம் பிஸ்டனின் விளிம்பு எலி கடித்தது போல் இருந்தது. மற்ற மூன்றும் தப்பித்தன. பெரியப்பாவின் காது இல்லாதிருந்தால் எஞ்சினே போயிருக்கும். செலவைத் தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி அப்பா முதலாளியிடம் சொன்னார். அவர் கேட்கவில்லை. ஆனாலும் அப்பா அடுத்த மூன்று ஞாயிறும் கூலி வாங்காமல் வந்து வேலை செய்தார். நானும் கூட நின்றேன். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான், அதுவும் முகம் பார்க்காமல், வைஸில் பிடித்திருந்த துண்டை அரமிட்டுக்கொண்டே.

"வேற ஒண்ணு வாங்கோணும்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியுமுங்கப்பா."

அரம் நிற்கவில்லை. அந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் முதலாளியிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்பட்டார், பிறகு அந்த உணரியை வாங்கினார். புதுப் பிஸ்டனோடு அதையும் பொருத்தி, பழைய கட்டங்களை மாற்றாமல், தீப்பொறியைப் பல பாகை பின்தள்ளி, ஒரே ஒரு கணம் முழு த்ராட்டில் கொடுத்துப் பார்த்தோம். பழைய உணரி தாராளம் என்று சொன்ன அதே இடத்தில் புதியது 14.1 காட்டியது. 12.8க்குக் கொண்டுவர ஒன்பது கட்டங்களில் எண்ணை உயர்த்தினேன். அன்று ஓடுதளத்தில் கார் பன்னிரண்டு சுற்று ஓடியது. ஒவ்வொரு மூன்று சுற்றுக்கும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பெரியப்பா பூதக்கண்ணாடியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

சென்ற மாதம் ஒரு இளைஞர் தம் ஸ்விஃப்டைக் கொண்டுவந்து, சைலன்சரும் காற்று வடிகட்டியும் மாற்றிவிட்டேன், எந்தப் பெட்டி போடலாம் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், உள்ளதே போதும் என்றேன். அவருக்கு ஏமாற்றம், வேறு பட்டறைக்குப் போய்விட்டார். "வந்த வேலையை அனுப்பிட்டியே தம்பி" என்றார் முதலாளி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையில் வேறு வேலை இருந்தது. பீளமேட்டுப் பட்டறை ஒன்றிலிருந்து முப்பத்தாறு பற்சக்கரம் நான்கு கேட்டிருந்தார்கள். முதல் சக்கரம் முடிந்ததும், எவரும் சொல்லாமலே, ஒரு பல்லை எடுத்துக்கொண்டிருந்தார்.