போர்வைத் துணி: எப்போ வாங்கறது, எவ்வளவு வாங்கறது?

மஞ்சள் வித்த காசு கைக்கு வந்ததும் எங்க வீட்டுல முதல்ல கழிக்கிற செலவுகள் சில உண்டு. உரக்கடை பாக்கி, ஆள் கூலி, சொசைட்டி வட்டி. நாலு வருஷமா அந்தப் பட்டியல்ல இன்னொண்ணும் சேர்ந்திருக்கு: அம்மா போர்வை தைக்கத் துணி. தொகை சின்னதுதான். ஆனா உர மூட்டைக் கணக்கைவிட இதுக்குத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன்.

டவுன்ல இருக்கறவங்களுக்காக, இந்தப் போர்வை என்னன்னு முதல்ல சொல்லிடறேன். ரெண்டு மூணு வருஷம் உடுத்தித் துவைச்சு நைஞ்சு போன நூல் சேலையை அம்மா தூக்கிப் போட மாட்டாங்க. அஞ்சரை மீட்டர் சேலையை நடுவுல மடிச்சா ரெண்டு அடுக்கு. இன்னொரு சேலையை அது மேல மடிச்சுப் போட்டா நாலு அடுக்கு. கிழிஞ்ச ஓரம், கொசுவம் தேய்ஞ்ச இடமெல்லாம் போக நீளம் ஏழடி நிக்கும். அதைத் திண்ணையில விரிச்சு, ஒரு விரக்கடை இடைவெளி விட்டு வரிசை வரிசையா ஓட்டுத் தையல் போட்டா போர்வை. விரிச்சுப் படுக்கலாம், போர்த்திக்கலாம், பச்சப்புள்ளைக்கு மடிச்சு மெத்தையாவும் போடலாம்.

சென்னிமலைப் போர்வை பக்கத்துலயே கிடைக்குதே, எதுக்கு இந்தப் பாடுன்னு கேக்கலாம். அதுவும் எங்க வீட்டுல இருக்கு, நல்ல போர்வைதான். ஆனா மார்கழிப் பனியில பேரப்பிள்ளைக ரெண்டும் சண்டை போடறது ஆத்தா தைச்சதுக்குத்தான்.

முன்னெல்லாம் துணி வாங்கற பேச்சே கிடையாது. வீட்டுல மூணு பொம்பளைக நூல் சேலை கட்டினாங்க. வருஷத்துக்கு ஒரு போர்வைக்குத் தேவையான பழைய சேலை தானா சேர்ந்துரும். இப்ப என் சம்சாரம் காட்டுக்குப் போறதே பூனம் சேலையில. சீக்கிரம் காயுது, இஸ்திரி வேண்டாம், அவளைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அந்தத் துணி வேர்வையை இழுக்காது. அடுக்கி வெச்சா ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும், தையல் இழுத்துச் சுருக்கு விழும். அம்மாவோட பெட்டியில இருந்த கடைசி நூல் சேலையும் தீர்ந்த பிறகுதான் கடைத் துணின்னு ஆரம்பிச்சோம்.

எப்போ வாங்கறது? விலையை மட்டும் பார்த்தா ஆடி மாசம்தான். கல்யாணம் காட்சி இல்லாத மாசம், கடைக்காரங்க இருப்பைத் தள்ளுவாங்க. ஆனா ஆடியில எங்க நிலைமை வேற. மஞ்சள் நட்டு முடிச்சு, கையில இருந்ததெல்லாம் மண்ணுக்குள்ள போயிருக்கும். காசு வர்றது அறுவடை முடிஞ்சு, வேக வெச்சு, காய வெச்சு, ஈரோட்டுக்கு ஏத்துற மாசி, பங்குனிக்கு. அப்ப கடையில தள்ளுபடி கிடையாது.

ஆனா நான் பங்குனியிலயே வாங்கறதுக்குக் காரணம் காசு இல்லைங்க, அம்மாவோட கண்ணு. வயசு 76. ஒரு கண்ணுல புரை எடுத்தாச்சு. விளக்கு வெளிச்சத்துல தைக்கறது இப்ப முடியாது. நல்ல வெளிச்சம் கிடைக்கிறது பங்குனியில இருந்து ஆனி வரைக்கும். காலைல எட்டு மணிக்குத் திண்ணையில வெயில் நேரா விழாம வெளிச்சம் மட்டும் வரும். பத்து மணி வரைக்கும் தைப்பாங்க. என் மக காலேஜுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பத்து ஊசியில நூல் கோத்து, பழைய தலையணையில குத்தி வெச்சுட்டுப் போவா. ஆடியில காத்து ஆரம்பிச்சா விரிச்ச துணி நிக்காது. புரட்டாசிக்கு மேல மேகமூட்டம். ஆடித் தள்ளுபடியில மிச்சமாகற நூறு இருநூறுக்காக அந்த நாலு மாச வெளிச்சத்தை விட முடியுமா?

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கக்கிழமை ராத்திரி தொடங்கி செவ்வாய் வரைக்கும் நடக்கும். மஞ்சள் வேலையாப் போறப்பவே அதையும் பார்த்துக்குவேன். மேலயும் கீழயும் வர்றதுக்கு 44 பன்னா பருத்தித் துணி, உள் அடுக்குக்கு வெளுக்காத காடா. பருத்தின்னு சொல்லிக் கலப்புத் துணி கொடுக்கறதும் உண்டு. ஓரத்துல ரெண்டு இழை உருவி நெருப்பு வெச்சுப் பாருங்க. பருத்தின்னா காகிதம் எரியற வாசம் வந்து சாம்பலாயிடும். பாலியஸ்டர்னா உருகி, ஆறினதும் கெட்டியா மணி மாதிரி நிக்கும். கிலோ கணக்குல சல்லிசாக் கிடைக்கிற திருப்பூர் பனியன் வெட்டுத் துணி இதுக்கு ஆகாது. இழுத்த பக்கம் நீளும்.

ஒரு போர்வைக்குக் கணக்கு இதுதான்: ஏழடிங்கறது 2 மீட்டர் 13 சென்டிமீட்டர். புதுப் பருத்தி மீட்டருக்கு நாலஞ்சு சென்டிமீட்டர் சுருங்கும், ஓரம் மடிக்கவும் வேணும். அதனால அடுக்குக்கு ரெண்டரை மீட்டர். நாலு அடுக்குக்குப் பத்து மீட்டர்: அஞ்சு கலர், அஞ்சு காடா. வெட்டறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி ஊற வெச்சு, கஞ்சியும் சாயமும் போற வரைக்கும் ரெண்டு மூணு தண்ணி அலசணும். கஞ்சியோட இருந்தா ஊசி இறங்காது. சுருங்காத துணியைத் தைச்சுட்டா, முதல் துவைப்புலயே போர்வை கோணிக்கும்.

ஒண்ணுக்கு இவ்வளவுன்னு சுலபமாச் சொல்லிட்டேன். எத்தனைக்கு வாங்கறதுங்கறதுதான் கஷ்டம்.

சென்னையில இருக்கற என் தம்பி சொல்றான், "ஏண்ணா, மொத்தமா நூறு மீட்டர் எடுத்துப் போட்டுரு. பேரன் பேத்தி எல்லாத்துக்கும் ஆளுக்கு ஒண்ணு ஆயிரும்." அவன் சொல்லாம விட்டது எனக்கும் புரியுது. என் சம்சாரம் சொல்றது வேற: "ஏனுங்க, ஒண்ணொண்ணா வாங்குங்க. தைக்க முடியாமப் போச்சுன்னா அத்தை அந்தத் துணியைப் பார்த்துப் பார்த்து வெசனப்படுவாங்க."

ரெண்டு பேச்சும் அம்மா மேல இருக்கற பிரியத்துல வர்றதுதான். ஆனா நூறு மீட்டரைக் கொண்டுவந்து இறக்கினா, அது ‘நேரமாச்சு, சீக்கிரம் முடி’ன்னு அம்மாகிட்ட சொல்ற மாதிரி. கண்ணைக் கெடுத்துட்டு ராத்திரியிலயும் தைப்பாங்க, எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணுக்கு வாங்கினா, ஒவ்வொரு போர்வையும் கடைசிப் போர்வை ஆயிடும். அதுவும் அவங்களுக்குப் புரியாமப் போகாது.

விவசாயிக்குத் தெரிஞ்ச கணக்கு ஒண்ணு இருக்கு. ஏக்கருக்கு 800 கிலோ விதை மஞ்சள்னா, அழுகல் சொத்தை போறதுக்குக் கொஞ்சம் சேர்த்து எடுத்து வைப்போம். அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து யாரும் வைக்கிறதில்லை, வெச்சாலும் நிக்காது. அடுத்த பட்டத்துக்கு அடுத்த அறுவடையில இருந்து எடுக்கணும். துணிக்கும் நான் அதையே வெச்சுக்கிட்டேன். தினம் ரெண்டு மணி நேரம்னா ஒரு போர்வைக்கு ஒன்றரை மாசத்துக்கு மேல ஆகுது. ஒரு பட்டத்துக்கு ரெண்டு. ஆக இருபது மீட்டர், அதுக்கு மேல ஒரே ஒரு மீட்டர். அந்த ஒரு மீட்டர் ஏன்னா, குறைஞ்சா அதே சாயம் மறுபடி கிடைக்காது. அடுத்த லாட்டுல சிவப்பு வேற சிவப்பா வரும்.

இந்தப் பங்குனியிலயும் இருபத்தோரு மீட்டர் வாங்கிட்டு வந்தேன். அம்மா பிரிச்சு, முழம் போட்டு அளந்து பார்த்தாங்க. "ஏஞ்சாமி, காடாவை இன்னும் நெருக்கமா நெய்ததாப் பார்த்திருக்கலாமில்ல. அடுத்த வருசம் நானும் சந்தைக்கு வர்றேன், உனக்குத் துணி பார்க்கத் தெரியலை" அப்படின்னாங்க. சரிம்மா, திங்கக்கிழமை ராத்திரியே போயிரலாம்னு சொல்லியிருக்கேன்.