ஆனைவிழுந்தான் குளக்கரையிலே

சிலாபத்துக்கு வடக்கே, புத்தளப் புகையிரதப் பாதைக்கும் ஒல்லாந்தர் கால்வாய்க்கும் இடையே ஆனைவிழுந்தான் குளங்கள் அமைந்துள்ளன. பங்குனி மாதத்து விடியற்காலை ஒன்றில் மாணவர் சிலருடன் நாம் அங்கே சென்றிருந்தோம்.

மாரிநீர் வற்றத் தொடங்கியிருந்தது. கரையோரச் சேற்றில் உள்ளான்கள் விரைந்து விரைந்து இரை பொறுக்கின. இன்னும் சில வாரங்களில் அவை இமயத்துக்கு அப்பாலுள்ள வடநிலங்களுக்குத் திரும்ப வேண்டும். அந்நெடும் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை இப்பொழுதே உடலிற் சேர்த்தாக வேண்டும்.

"ஐயா, இக்குளங்களைப் பறவைகளுக்காகவா வெட்டினார்கள்?" என்று மாணவன் ஒருவன் வினவினான்.

இல்லை, நெல்லுக்காகவே வெட்டினார்கள். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தனவாகக் கருதப்படும் இக்குளங்களில், ஒன்றின் மிகைநீர் அடுத்ததில் இறங்கும். ஆழநீரில் நீர்க்காகம் முக்குளிக்கிறது; அல்லி இலைமேல் இலைக்கோழி நடக்கிறது; முழந்தாளளவு நீரில் நாரை காத்து நிற்கிறது. நீர் என்றும் நிறைந்தேயிருந்தால் உள்ளானுக்குச் சேறில்லை. முற்றும் வற்றினால் நாரைக்கு மீனில்லை. ஆகவே, துருசைக் காலமறிந்து திறப்பதும், ஆகாயத்தாமரையை அகற்றுவதும், கரை மரங்களை வெட்டாது விடுவதுமே பறவை வளர்ப்பாகும்.

1997இல் இவ்விடம் சரணாலயமாயிற்று. 2001இல் 1397 ஹெக்டேயர் பரப்புடன் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் பட்டியல் வேலியாகிவிடாது. இக்கரையோரமெங்கும் கண்டற்காடுகளை அழித்து இறால் குட்டைகளை வெட்டினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் பரவவே, காலப்போக்கில் குட்டைகள் பல பாழாயின. அதன் பின்னரும், 2020இல், சரணாலயத்தினுள்ளேயே கண்டற்காட்டின் ஒரு பகுதி இறால் பண்ணைக்கென இயந்திரங்களால் அழிக்கப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது.

கைவிடப்பட்ட குட்டைகளில் கண்டலை மீட்கும் பணி இப்போது இங்கே நடைபெறுகிறது. கன்று நடுவது மட்டும் போதாது. வரம்பை உடைத்து, உவர்நீர் வந்துபோக வழிவிட வேண்டும். வழி கிடைத்தால் விதைகள் நீரோடு மிதந்து வந்து தாமே முளைக்கும். 2024இல் இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை ஐக்கிய நாடுகள் சபை உலகுக்கு முன்மாதிரியாக அறிவித்தது.

வெட்டியவர் பறவைகளை எண்ணி வெட்டவில்லை. காப்பவரோ அவற்றையும் எண்ணியே காக்க வேண்டும். இதையே அம்மாணவனுக்குச் சொன்னோம். அவன் மறுமொழி கூறாது, சேற்றிலிருந்த உள்ளான்கள் வெருளாதபடி மெல்ல அடியெடுத்து வைத்துக் கரையை விட்டு விலகினான்.